யாரும் மூச்சு விடக் கூடாது

எங்கள் ஆவணப்படத்துக்கு ஒரு நிமிட அமைதி தேவைப்பட்டது. அது தன் வீட்டு உள்ளறையில் இருப்பதாகப் பங்கஜவல்லி அம்மா சொன்னார். வந்து எடுத்துக்கொள்ளச் சொன்னார்.

பொருட்காட்சியில் காணாமல் போனவர்களை மைக்கில் கூப்பிடுகிற வேலையில் இருந்தவர் அவர். படம் அவரைப் பற்றியது. ரெஜினா இயக்குநர். நான் சவுண்ட். வேறு ஆள் கிடையாது. மைக்கை ஒட்டடைக் கம்பின் நுனியில் கட்டியிருந்தோம்.

பேச்சை வெட்டி ஒட்டும்போது இடையில் அந்த அறையின் வெறும் அமைதியை வைக்க வேண்டும். வைக்காவிட்டால் ஒவ்வொரு வெட்டிலும் அறை செத்துப் பிழைக்கும். ஆனால் ரெஜினாவுக்கு வீசிங். இதுவரை எடுத்த எல்லா அமைதியிலும் அவளுடைய மூச்சு விசிலடித்தது. கல்லூரியில் போட்டுக் காட்டியபோது வகுப்பே சிரித்தது. அவள் மட்டும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீ வெளிய போய் நில்லு ரெஜி."

"டைரக்டர் எங்கடா வெளிய நிப்பா?"

"அப்ப விசிலடிக்காத."

"இந்தத் தடவை பாரு" என்றாள். இன்ஹேலரை மேசைமேல் வைத்தாள்.

பங்கஜவல்லி அம்மா ஃபேனை நிறுத்தப் போனார். எந்த சுவிட்ச் என்று அவருக்கு நினைவில்லை. ஒவ்வொன்றாகத் தட்டினார். முதலில் காக்கைகளின் சத்தம் நின்றது. பிறகு தெரு நின்றது. கடைசியில்தான் ஃபேன் நின்றது.

அதற்குள் ஜன்னலில் கூட்டம் சேர்ந்துவிட்டது.

"ஷூட்டிங்கா? ஹீரோ யாருண்ணே?"

"சவுண்டு மட்டும்தான் எடுக்கறாங்களாம்."

"அடப்பாவி. இதுக்கா தலை சீவிட்டு வந்தேன்?"

நான் குரலை உயர்த்தினேன். "எல்லாரும் கேளுங்க. ஒரு நிமிஷம் யாரும் மூச்சு விடக் கூடாது."

எல்லோரும் சொல்வதுதான். பேசாமல் இருங்கள் என்று அர்த்தம்.

அவர்கள் மூச்சை நிறுத்தினார்கள். ஜன்னலில் இருந்தவர்களின் மார்புகள் ஒரே நேரத்தில் நின்றன. பங்கஜவல்லி அம்மா கன்னங்களை உப்பிக்கொண்டார். ரெஜினா உதடுகளை இறுக்கிக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

ஹெட்ஃபோனில் விசில் இல்லை. ரெக்கார்டரில் விநாடிகள் ஓடின. நான் மிகவும் சந்தோஷப்பட்டேன்.

பிறகு ஏதோ தொம் என்றது. விநாடிகள் பூஜ்யத்துக்குத் திரும்பின. எந்தச் சத்தம் கேட்டாலும் முதலிலிருந்து ஆரம்பிக்கிற ரெக்கார்டர் அது. கல்லூரியின் நல்ல ரெக்கார்டர்களையெல்லாம் சீனியர்கள் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

மறுபடி தொம். என் இதயம்தான்.

"போதும். மூச்சு விடுங்க" என்றேன்.

எல்லோரும் என்னை முறைத்தார்கள். பங்கஜவல்லி அம்மா உதட்டில் விரல் வைத்தார். கையை ஆட்டிக் காட்டினேன். உற்சாகப்படுத்துகிறேன் என்று நினைத்து இன்னும் இறுக்கிக்கொண்டார்கள்.

ரெஜினாவின் உதடுகள் நாவல்பழம் தின்றது போல ஆகியிருந்தன. அவள் தோளைப் பிடித்து உலுக்கினேன். சட்டை சரசரத்தது. பூஜ்யம். அவள் கோபமாக ரெக்கார்டரைக் காட்டினாள். ஒரு முழு நிமிடம் ஓடாமல் அவள் மூச்சு விடப்போவதில்லை என்று புரிந்தது. எனக்குப் பயத்தில் இதயம் வேகமாக அடித்தது. அதுவும் பதிவானது.

பங்கஜவல்லி அம்மா என் நெஞ்சைக் காட்டினார். பிறகு கதவைக் காட்டினார்.

ஒட்டடைக் கம்பை அவரிடம் கொடுத்துவிட்டு, ரெக்கார்டரோடு வெளியே நடந்தேன். மைக் ஒயர் ஒரு ஆள் உயரம்தான். ஆனால் நீண்டுகொண்டே வந்தது. படிக்கட்டில் உட்கார்ந்திருந்தவர்கள் மூச்சு விடவில்லை. தெருவில் ஒரு பேருந்து நின்றது. அதில் ஓட்டுநர், நடத்துநர், பயணிகள் எல்லோருக்கும் கன்னம் உப்பியிருந்தது. நடத்துநர் வாயில் விசில் இருந்தது. ஊத முடியாமல் வைத்திருந்தார்.

ஹெட்ஃபோனில் என் இதயம் அடுத்த வீட்டில் மாவு இடிப்பது போலக் கேட்டது. பிறகு அடுத்த தெருவில். ரயில்வே கேட்டைத் தாண்டியதும் கேட்கவில்லை. விநாடிகள் ஓடின. நிமிடம் நிறைந்தது.

"கட்!" என்று கத்தினேன்.

யாருக்கும் கேட்கவில்லை. என் இதயம் கேட்காத தூரத்தில் என் குரலும் கேட்காது. அதை நான் யோசித்திருக்கவில்லை.

ஒயரைப் பிடித்துக்கொண்டு திரும்பி ஓடினேன். வந்ததைவிடத் தூரம் அதிகமாக இருந்தது. உள்ளறை வாசலில் நின்று ரெக்கார்டரைத் தூக்கிக் காட்டினேன். "ஓகே! முழு நிமிஷம்! ஓகே!"

எல்லோரும் மூச்சு விட்டார்கள். திரைச்சீலை பறந்தது. மேசையிலிருந்து ஒரு டம்ளர் உருண்டது.

"அப்பாடி. செத்தேன்டா சாமி" என்றார் தலை சீவி வந்த ஜன்னல்காரர்.

"நல்லா வந்துச்சா தம்பி?" என்றார் பங்கஜவல்லி அம்மா.

ரெஜினா மூச்சு விடவில்லை. என் தலையிலிருந்து ஹெட்ஃபோனைக் கழற்றித் தன் காதில் வைத்துக்கொண்டாள். அந்த நிமிடத்தை ஓடவிட்டாள். கண்ணை மூடிக் கேட்டாள். அவள் கழுத்து நரம்புகள் புடைத்திருந்தன. முகம் பேனா மை நிறத்துக்கு வந்துவிட்டது. இன்ஹேலரை அவள் வாயருகே கொண்டுபோனேன். தள்ளிவிட்டாள்.

"ரெஜி, நல்லாத்தான் இருக்கு. விடு."

கடைசிவரை கேட்டாள். பிறகு தலையை ஆட்டினாள். வேண்டாம் என்று.

"ஏன்? என்ன கேட்டுச்சு?"

சொல்வதற்கு மூச்சு வேண்டும். ஒரு விரலைத் தூக்கிக் காட்டினாள்.

"இன்னொரு டேக்காம்" என்று ஜன்னல்காரர் பின்னால் திரும்பிச் சொன்னார். அது படிக்கட்டில் இறங்கிப் போனது. பேருந்துக்குப் போனது. ரயில்வே கேட்டுக்கும் போயிருக்கும்.

எல்லோரும் ஒன்றாக மூச்சை இழுத்தார்கள். திரைச்சீலை ஜன்னல் கம்பியில் போய் ஒட்டிக்கொண்டது. நானும் இழுத்தேன். அறையில் காற்று மீதி இல்லை.