செதிலார் முகம் காட்டிய நாள்

முகமூடியைக் கழற்றும்போது தாடைக்கு அடியில் ஒரு கிண்ணம் பிடிக்க வேண்டும். பன்னிரண்டு மணி நேரம் ரப்பருக்குள் ஊறிய வியர்வை முழுக்க அங்கேதான் வந்து தேங்கும். மேக்கப்காரர் தாடைத் துண்டை மெதுவாக உரித்ததும் சளசளவென்று கிண்ணத்தில் விழும். வெறும் வியர்வை என்றாலும் பரவாயில்லை. அன்றைக்குத் தும்மியது, இருமியது, ஸ்ட்ரா வைத்துக் குடித்த ஜூஸ் வழிந்தது எல்லாம் அதில் கலந்திருக்கும். மேக்கப்காரர் மூச்சைப் பிடித்துக்கொண்டு கிண்ணத்தைத் தொட்டியில் கவிழ்ப்பார். இந்தக் கண்றாவிக்குப் பெயர்தான் நடிப்பு. பதினோரு வருஷம் நடந்தது.

ஸ்டூடியோவில் அவரை எல்லோரும் செதிலார் என்றுதான் கூப்பிடுவார்கள். தொலைக்காட்சியில் வந்த அந்த விண்வெளித் தொடரில் அவர் வேற்றுக்கிரகத்துப் பல்லி மனிதர்களின் தளபதி. தலையிலிருந்து கால்வரை செதில், பின்னால் ஒரு வால், கண்ணில் மஞ்சள் லென்ஸ். குரல்கூட அவருடையது இல்லை. கழிவறை கழுவும் திரவத்துக்கு விளம்பரம் பேசுகிற ஒருவர் வந்து, மூக்கை அடைத்துக்கொண்டு பேசிவிட்டுப் போவார். செதிலாருக்கென்று மிஞ்சியது நடை ஒன்றுதான். கழுத்தை முன்னால் நீட்டி, இரண்டடி வைத்து நின்று, தலையை மட்டும் திருப்புகிற அந்த நடையை அவரே யோசித்துக் கண்டுபிடித்தார். தெருப்பிள்ளைகள் எல்லாம் அப்படி நடந்து காட்டினார்கள். பள்ளிக்கூடப் பைகளில் அந்தப் பல்லித் தலையை ஒட்டிக்கொண்டு திரிந்தார்கள். அந்தத் தலைக்குள் இருந்தவர் பக்கத்தில் காய்கறி வாங்கிக்கொண்டு நின்றால் ஒருவரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

அந்த ரப்பரைப் பற்றியும் சொல்லித்தான் ஆக வேண்டும். ஏழு துண்டு. விடியற்காலை ஐந்து மணிக்கு உட்கார்ந்தால் ஒட்டி முடிக்க மூன்று மணி நேரம். பசை செத்த மீன் போல நாறும். புது முகமூடி செய்தால் கட்டுப்படியாகாது என்று பழையதையே சோப்புத்தூளில் ஊறவைத்து, மின்விசிறிக்குக் கீழே காயப்போட்டு, மறுநாளும் மாட்டுவார்கள். முழுசாகக் காயாத நாட்களில் உள்ளே வழவழவென்று இருக்கும். முதல் வருஷம் கன்னத்தில் தடிப்பு வந்தது. இரண்டாம் வருஷம் புருவம் உதிர்ந்தது. அப்புறம் தோல் உரிந்து, புண் ஆறி, மறுபடி உரிந்து, முகம் முகமாகவே இல்லை.

இதையெல்லாம் எதற்காகப் பொறுத்தார் என்றால், ஒரு வார்த்தைக்காக. மூன்றாம் வருஷம் விலகப்போகிறேன் என்று அவர் சொன்னபோது டைரக்டர் தோளில் கை போட்டார். தொடருக்குப் பணம் போட்டவரும் இந்த மனிதரேதான், பேச்சில் வெண்ணெய்.

"போயிடாதப்பா. கதையோட முடிவு என்ன தெரியுமா? தளபதி பல்லியே கிடையாது. சின்ன வயசுல அவங்க கடத்திட்டுப் போன மனுஷன். கடைசி எபிசோட்ல அந்தத் தோலைப் பிய்ச்சுப் போடுறான். உலகமே உன் மூஞ்சியைப் பாக்கும்."

இலவு காத்த கிளியாகச் செதிலார் உட்கார்ந்துவிட்டார். நடுவில் ஒரு குடும்பத் தொடரில் மாமனார் வேஷம் வந்தது, சொந்த முகத்தோடு. வேண்டாம் என்றார். தன் முகம் வெளியே வருவது அந்தக் கடைசிக் காட்சியில்தான் என்று பிடிவாதம்.

இந்தப் பிடிவாதத்துக்கு வீட்டிலும் ஒரு காரணம் இருந்தது. மனைவியின் அண்ணன். டைல்ஸ் கடை வைத்திருக்கிற மனிதர், எதையும் தட்டிப் பார்த்துத்தான் நம்புவார். வீட்டுக்கு வரும்போதெல்லாம் சோபாவில் சாய்ந்துகொண்டு ஆரம்பிப்பார்.

"மாப்ள, அந்த ரப்பர் தலைக்குள்ள நீங்கதான் இருக்கீங்கன்னு என்ன சாட்சி? நான்கூட இருக்கலாமே."

எல்லோரும் சிரிப்பார்கள். மனைவி மட்டும் சிரிக்காமல் டீ எடுக்க உள்ளே போவாள். அந்த எரிச்சலில் செதிலார் ஒரு வேலை செய்யத் தொடங்கினார். தொடர் ஓடும்போது, "இந்தக் குதி குதிச்சது யாரு, நீயா?" என்று அம்மா கேட்டால், ஆமாம் என்பார். குதித்தவர் அவருக்கு டூப் போட்ட சண்டைக்காரர். "இந்தச் சிரிப்பு?" அதுவும் நான்தான். சிரித்தது விளம்பரக்குரல். காய்ச்சலில் அவர் வீட்டில் படுத்திருந்த வாரம் வேறு யாரோ மாட்டிக்கொண்டு நடித்ததைக்கூட நான்தான் என்று சொல்லியிருக்கிறார். பல்லி வந்தால் அது நம் ஆள்தான் என்று வீட்டில் வழக்கமே ஆகிப்போனது. மச்சானும் போகப்போகக் கேலியைக் குறைத்துக்கொண்டு, "இன்னைக்கு நல்லாக் குதிச்சீங்க மாப்ள" என்று சொல்ல ஆரம்பித்தார். பொய்தான், ஆனால் இனித்தது.

கடைசிக் காட்சி எடுக்கும் நாளும் வந்தது. முதலில் ஒரு ஒத்திகை பார்க்கலாம் என்று, முகமூடி போடாமல் வெறும் முகத்தோடு அவரை விளக்குக்குக் கீழே நிற்கவைத்தார்கள். பதினோரு வருஷத்தில் கேமரா அந்த முகத்தைப் பார்த்தது அன்றைக்குத்தான். டைரக்டர் மானிட்டரைப் பார்த்தார். பக்கத்தில் வைத்திருந்த சாப்பாட்டு டப்பாவை மூடினார்.

"மேக்கப் போட்டு மறைக்க முடியாதா?" என்று மேக்கப்காரரிடம் கேட்டார்.

"போட்டா எரியும் சார். புண்ணு இருக்கு."

"புருவம்?"

"ஒட்டலாம். பசைதான் ஒத்துக்காது."

டைரக்டர் செதிலாரை ஓரமாகக் கூட்டிப்போனார். இந்தத் தடவை தோளில் கை போடவில்லை. இரண்டடி தள்ளியே நின்றார்.

"தப்பா எடுத்துக்காதப்பா. ஜனங்க சாப்பிட்டுக்கிட்டே பாக்குற புரோகிராம். பல்லிக்குள்ள இருந்து மனுஷன் வர்றான்னு கதை. நீ வந்தா அடுத்த மாஸ்க்குன்னு நினைச்சுடுவான். கை தாடைக்குப் போற வரைக்கும் நீ. அதுக்கப்புறம் வேற ஆளு."

யார் கொடுத்த முகம் இது? எவனுடைய பசை தின்ற தோல் இது? ஊரே கொஞ்சிய பல்லி அழகு, அதைச் சுமந்த மனிதன் மட்டும் அருவருப்பு! கேட்டிருக்கலாம். அங்கேயே வாலை அவிழ்த்து அந்த ஆளின் மூஞ்சியில் வீசியிருக்கலாம். சரி என்று தலையை ஆட்டினார்.

வேற ஆள் அரை மணி நேரத்தில் வந்துவிட்டான். அப்படியானால் முன்பே சொல்லி வைத்திருக்கிறார்கள். பற்பசை விளம்பரத்தில் சிரிக்கிற பையன், கழுவி வைத்த பீங்கான் தட்டு மாதிரி முகம். பழைய முகமூடியைக் கையில் எடுத்தவன் உடனே கீழே வைத்துவிட்டான்.

"சார், இது நாறுது. இதை எப்படிப் போடுறது?"

எங்கிருந்தோ ஒரு புது முகமூடி வந்தது. உள்ளே மெல்லிய பருத்தித் துணி தைத்தது, பசையே தேவையில்லாதது. பதினோரு வருஷம் செதிலார் வாய்விட்டுக் கேட்டும் செய்து தராத முகமூடி, மூன்று விநாடி முகம் காட்டுகிறவனுக்குத் தயாராக இருந்தது. நாற்றம் ரப்பரில் இல்லை என்று அவருக்கு அப்போது தோன்றியது. அப்படியும் பழைய முகமூடியை ஒட்டிக்கொண்டு போய் நின்றார். கழுத்தை நீட்டி இரண்டடி நடந்தார், நின்றார், தலையைத் திருப்பினார், கையைத் தாடைக்குக் கொண்டுபோனார். "கட்" என்றார்கள். விலகி வழிவிட்டார்.

சாயங்காலம் கிண்ணத்தைப் பிடித்தபடி மேக்கப்காரர் கேட்டார்.

"எழுந்து போயிருக்கலாம்ல அண்ணே?"

"போயிருந்தா அந்த நடையும் என்னுது இல்லாமப் போயிருக்கும்."

சொல்லும்போது நியாயமாகத்தான் பட்டது. வீட்டுக்குப் போகும் வழியில் யோசித்தபோது, கோழைகள் சொல்கிற பேச்சு இப்படித்தான் இருக்கும் என்று தோன்றியது.

ஒளிபரப்புக்கு மூன்று வாரம் இருந்தது. மனைவியிடம் சொல்லிவிட வேண்டும் என்று தினமும் வாயைத் திறப்பார். அவளோ அலைபேசியைக் காதிலிருந்து எடுப்பதே இல்லை. "ஆமா, ஞாயித்துக்கிழமை சாயங்காலம் ஆறரைக்கு. அவர் முகம் வருது. எல்லாரும் இங்கயே வந்துடுங்க." அம்மா கண்ணுக்குச் சொட்டு மருந்து விட்டுக்கொண்டு அந்த நாளுக்காகவே தயாரானாள். கடைசியில், திரையே சொல்லிவிடட்டும் என்று விட்டுவிட்டார். வேறொருவன் முகம் வரும், எல்லோரும் திரும்பித் தன்னைப் பார்ப்பார்கள், மச்சான் வயிறு குலுங்கச் சிரிப்பார். அசிங்கம்தான். ஒரே நாளில் முடிந்துபோகிற அசிங்கம். அதற்குப் பிறகாவது பொய் சொல்ல வேண்டியிருக்காது.

ஞாயிற்றுக்கிழமை கூடத்தில் கால் வைக்க இடமில்லை. மச்சான் நடு சோபாவில். அம்மா டிவிக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்திருந்தாள். மனைவி சமையலறை வாசலில் சாய்ந்து நின்றாள். செதிலார் சுவரோரம் நின்றுகொண்டார்.

பல்லித் தளபதி கழுத்தை நீட்டி இரண்டடி வைத்தார். நின்றார். தலையைத் திருப்பினார். கை தாடைக்குப் போயிற்று. ரப்பர் பிய்ந்தது. உள்ளேயிருந்து பற்பசைப் பையன் கண்ணீரோடு வெளியே வந்தான்.

செதிலார் கண்ணை மூடிக்கொண்டார்.

கைதட்டல் கேட்டது.

"அடேங்கப்பா!" என்று மச்சான் எழுந்துவிட்டார். "மாப்ள, என்ன மேக்கப்பு! இருபது வயசு குறைச்சுட்டாங்களே! அந்தப் புண்ணு, தடிப்பு ஒண்ணுமே தெரியலியே!"

"லைட்டுலயே பண்ணிடுவாங்களாம்," என்றது இன்னொரு குரல். "பல்லியா மாத்தினவங்களுக்கு இது என்ன பெரிய வேலை?"

செதிலாருக்கு முதலில் விளங்கவே இல்லை. அப்புறம் விளங்கியது. நம்பிவிட்டார்கள். குதித்ததை, சிரித்ததை எல்லாம் நம்பியவர்கள், பதினோரு வருஷம் ஒரு பல்லியை இவர்தான் என்று நம்பியவர்கள், ஒரு பீங்கான் தட்டை நம்ப மாட்டார்களா? நம்பும்படி பழக்கியதே அவர்தானே.

அம்மா திரையைத் தொட்டுவிடுகிற மாதிரி குனிந்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"சின்ன வயசுல என் புள்ள இப்படித்தான் இருந்தான்," என்றாள். "நானே மறந்துட்டேன்."

அவர் ஒரு நாளும் அப்படி இருந்ததில்லை. "அம்மா, அது நான்..." என்று ஆரம்பித்தார்.

"நல்லா இருந்துச்சுங்க," என்று மனைவி குறுக்கே வந்தாள். குரல் கொஞ்சம் உரக்கவே வந்தது. "ரொம்ப நல்லா நடிச்சிருக்கீங்க. உள்ள வாங்க, கப்பு எல்லாம் எடுத்துக் குடுங்க."

சமையலறைக்குள் போனதும் அவள் குழாயைத் திறந்துவிட்டாள். தண்ணீர்ச் சத்தத்துக்கு அடியில் பேசினாள்.

"அது நீங்க இல்லன்னு எனக்குத் தெரியாதா? கூட வாழ்றவளுக்குத் தெரியாதா?"

"அப்புறம் ஏன்..."

"பதினோரு வருஷம் எங்கண்ணன் முன்னாடி தலையைக் குனிஞ்சுகிட்டு டீ குடுத்திருக்கேன். இன்னைக்குத்தான் அவரு எழுந்து நின்னு கை தட்டினாரு. அதையும் கெடுத்துடாதீங்க." குழாயை மூடினாள். "அந்த மூஞ்சியே இருந்துட்டுப் போகட்டும்."

கோபம் வரவில்லை அவருக்கு. அருவருப்புதான் வந்தது. டைரக்டர் மேல், அந்தப் பையன் மேல், கை தட்டியவர்கள் மேல் என்று ஆரம்பித்து, சுற்றிச் சுற்றி வந்து தன் மேலேயே அப்பிக்கொண்டது. இத்தனை நாள் எந்தப் பசையும் இவ்வளவு கெட்டியாக ஒட்டியதில்லை.

"மாப்ள! எங்க போனீங்க? இங்க வாங்க!" என்று கூடத்திலிருந்து மச்சான் கூப்பிட்டார். டிவியில் அந்த முகத்தை அப்படியே நிறுத்தி வைத்திருந்தார். "டிவி பக்கத்துல நில்லுங்க. ஒரு போட்டோ எடுத்துக் கடைல மாட்டணும். எங்க மாப்ளன்னு நாலு பேருக்குக் காட்டணும்ல."

செதிலார் போய் நின்றார். மச்சான் அலைபேசியைத் தூக்கி, ஒரு கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். முன்னால் வந்தார், பின்னால் போனார். ஏதோ சரிப்படவில்லை.

"கொஞ்சம் தள்ளிக்குங்க மாப்ள," என்றார். "மூஞ்சியை மறைக்கிறீங்க."

செதிலார் தள்ளி நின்றார்.

"இன்னும் கொஞ்சம்," என்றார் மச்சான்.