அச்சில் வராத வரிகள்

விடிவதற்கு முன்னால் எழுந்தால்தான் மாஸ்டர் ஃபைல் திறக்கும். ஊர் எழுந்து ஆளாளுக்குப் போனைத் தேய்க்கத் தொடங்கிவிட்டால் இணையம் நொண்டியடிக்கும். அப்புறம் ஒரு கோட்டைப் போட்டுவிட்டு, அது திரையில் வருவதற்குள் வீட்டையே கூட்டி முடித்துவிடலாம். அதனால் படிக்கட்டு என்று எல்லோரும் கூப்பிடும் அவள் இருட்டோடு எழுந்து, தூங்கும் கணவனின் காலைத் தாண்டி, தையல் மெஷினைக் கீழே இறக்கிவிட்டு அந்த மேசையில் வைத்திருந்த கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தாள். இரண்டு நாளாக அணைக்காமல் ஓடிய சூடு இன்னும் அதில் தணியவில்லை. கழுத்து எலும்பு விண்ணென்று வலித்தது. கண்ணில் மண் விழுந்த மாதிரி உறுத்தல்.

படிக்கட்டு என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை. கட்டடங்களுக்கு வரைபடம் போடும் கம்பெனியில் படிக்கட்டெல்லாம் அவள் பொறுப்பு. தூணும் பீமும் போடுகிறவர் தூண் அண்ணன். தண்ணீர்க் குழாய் போடுகிறவள் குழாய். மின்சார வேலை வரைகிறவர் லைட்டு. எல்லோரும் அவரவர் வீட்டில். ஆபீஸ் சர்வரில் இருக்கும் ஒரே மாஸ்டர் ஃபைலோடு தங்கள் ஃபைலை இணைத்துக்கொண்டு வரைய வேண்டும். தூண் ஒருவர் திரையில் நகர்ந்தால் எல்லோர் திரையிலும் நகரும். நல்ல ஏற்பாடுதான், லிங்க் அறுந்துபோகாமல் இருந்தால்.

திரை மூலையில் ஒரு பச்சைப் புள்ளி இருக்கும். லிங்க் அறுந்தால் அது சாம்பல் நிறமாகும். புள்ளி பச்சையாக இருக்கும் நேரத்துக்குத்தான் சம்பளம். மாஸ்டர் ஃபைலோ மலைக் கனம். அதை இழுத்துக்கொண்டு வேலை செய்தால் லிங்க் தாங்காது. மேனேஜர் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் போன் போட்டு வழி சொன்னார். "காலையில ஃபைலை ஒரு காப்பி இறக்கி உங்க கம்ப்யூட்டர்ல வச்சுக்கோங்க. அதுல வரைஞ்சு சாயங்காலம் ஏத்துங்க. நான் சொன்னதா சொல்லாதீங்க." பலே ஆசாமி. எழுத்தில் ஒரு வார்த்தை கிடையாது.

காலையில் இறக்கிய காப்பிக்கு மத்தியானம் எது நகர்ந்தது என்று தெரியாது. ஆபீசில் எல்லோரும் ஒரே கூடத்தில் இருந்த காலத்தில் இது ஒரு பிரச்சினையே இல்லை. தூண் அண்ணன் மேசையிலிருந்தே கத்துவார்: "ஏய், பீம் நகருது, பாத்துக்கோ!" அவ்வளவுதான். இப்போது கத்தினால் பக்கத்து வீட்டுக்காரர்தான் எட்டிப் பார்ப்பார். குழாயும் லைட்டும் அதற்கப்புறம் வீட்டிலிருந்தே சேர்ந்தவர்கள்; அவர்கள் முகத்தை யாரும் பார்த்ததில்லை. இருந்த ஒரு பேச்சுக் குழுவையும், வேலை நேரத்தில் அரட்டை என்று கம்பெனி மூடிவிட்டது.

அப்படித்தான் அது நடந்தது. மத்தியானம் பீம் ஒரு சாண் நகர்ந்தது. அவள் காலைக் காப்பியில் படிக்கட்டைப் போட்டாள். சைட்டில் காங்கிரீட் போட்டு முடித்த பிறகுதான் படியின் மேல் முனை பீமில் உட்காராமல் அந்தரத்தில் நிற்பது தெரிந்தது. முட்டுக் கொடுத்துவிட்டு அதை உடைக்கச் சொன்னார்கள். உடைக்கும்போது முட்டு நழுவியது. அடியில் இருந்த தொழிலாளியின் கால் மாட்டிக்கொண்டது.

"உயிர் இருக்கு. கால் நிக்குமான்னு டாக்டர் இன்னும் சொல்லல" என்று நேற்று மேனேஜர் போனில் சொன்னார். "முதலாளி இன்னிக்கு மீட்டிங் போட்டிருக்கார். எல்லார் முன்னாடியும் உன் தப்புன்னு ஒத்துக்கோம்மா. கம்பெனி பேர் தப்பிக்கும்."

கணவன் விழித்துக்கொண்டான். சரக்கு வேன் ஓட்டுகிறவன். வேலை இருக்கிற நாளைவிட இல்லாத நாள்தான் அதிகம்.

"ஒத்துக்கோ. ஒத்துக்கிட்டா நிறுத்தி வச்ச சம்பளத்தையாவது தருவாங்க. வீட்டுக்காரர் வாடகை கேட்டு நேத்தும் வந்து கதவைத் தட்டிட்டுப் போனார்."

"ஒத்துக்கிட்டா என்மேல கேஸ் போடுவாங்க. அப்புறம் எந்தக் கம்பெனியில என்னைச் சேத்துக்குவான்?"

"ஒத்துக்கலன்னா மட்டும்?"

அவன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

அவள் மாஸ்டர் ஃபைலைத் திறந்தாள். வரைவதற்காக இல்லை, பார்ப்பதற்காக. படி இங்கே முடிந்தது. பீம் அங்கே இருந்தது. நடுவில் ஒரு சாண் வெற்றிடம். திரையில் அது எதுவுமே இல்லை, விரல் நகம் மறைக்கிற கறுப்பு. அதில் ஒரு மனுசனின் கால். செத்துப்போகலாம் போலிருந்தது அவளுக்கு.

அப்போதுதான் ஓரத்தில், வரைபடத்தின் பார்டருக்கு வெளியே, ஒரு மஞ்சள் துணுக்கு தெரிந்தது. ஏதோ அழுக்கு என்று நினைத்துப் பெரிதாக்கினாள். எழுத்து. அச்சில் வராத, திரையில் மட்டும் தெரியும் அடுக்கில், தன் ஃபைலின் மூலையில், தனக்கான மஞ்சள் நிறத்தில் தூண் அண்ணன் எழுதி வைத்திருந்தார்.

'படிக்கட்டு, பீமை நகத்துனது நான். உங்கிட்ட சொல்ல வழியில்லாமப் போச்சு. நானும் காப்பியிலதான் வரையறேன். தப்பை நீ மட்டும் தலையில போட்டுக்காத.'

வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். பிறகு தன் ஃபைலில், அதே இடத்துக்குக் கீழே எழுதினாள்: 'மீட்டிங்ல இதைச் சொல்வீங்களா அண்ணே?'

புதுப்பித்துப் பார்த்தாள். ஒன்றுமில்லை. மறுபடி பார்த்தாள். நீல நிறத்தில் ஒரு வரி முளைத்திருந்தது. 'அக்கா, நான் குழாய். எனக்கும் மேனேஜர்தான் காப்பி எடுக்கச் சொன்னார். நான் சொல்றேன்.' அதன் கீழே சிவப்பில்: 'லைட்டு. நானுந்தான். பயமாத்தான் இருக்கு, ஆனா சொல்றேன்.' கடைசியாக மஞ்சள் வந்தது: 'லிங்க்கை அறுத்துடுவாங்க. அறுத்தா, நாளைக் காலையில ஆபீஸ் வாசல்ல பாப்போம்.'

மீட்டிங்கில் முதலாளியின் முகம் மட்டும்தான் தெரிந்தது, பக்கத்தில் மேனேஜர். மற்றவர்கள் லிங்க் தாங்க வேண்டுமென்று கேமராவை அணைத்து வைப்பது வழக்கம். வெறும் கறுப்புக் கட்டங்கள்.

"நாம எல்லாம் ஒரே குடும்பம்" என்று ஆரம்பித்தார் முதலாளி. "குடும்பத்துல ஒருத்தர் தப்புப் பண்ணா மறைக்கக் கூடாது. சொல்லும்மா, ரூல்ஸை மீறிக் காப்பியில வரைஞ்சியா இல்லையா?"

"வரைஞ்சேன் சார்."

"அவ்வளவுதான். விஷயம் முடிஞ்சுது."

"மேனேஜர் சொல்லித்தான் வரைஞ்சேன் சார்."

"நான் எப்பம்மா சொன்னேன்?" என்றார் மேனேஜர், வேறெங்கோ பார்த்துக்கொண்டு.

கறுப்புக் கட்டங்கள் கறுப்பாகவே இருந்தன. கைவிட்டுவிட்டார்கள் என்றே நினைத்தாள். பிறகு யாரோ கனைத்தார்கள்.

"சார், நான் தூண் போடறவன். நானும் காப்பியிலதான் வரையறேன். அவர் எனக்கும் சொன்னார்."

"எனக்கும்" என்றது குழாயின் குரல்.

"எ... எனக்கும் சார்" என்றார் லைட்டு.

தூண் அண்ணன் நிறுத்தவில்லை. "இனிமே ரூல்ஸ்படி லிங்க்லயே வரையறோம். அறுந்தா அது எங்க குத்தமில்ல, சம்பளத்தை வெட்டாதீங்க. அடிபட்டவர் வைத்தியத்தைக் கம்பெனி பாக்கணும். படிக்கட்டை வெளிய அனுப்பக் கூடாது."

முதலாளி சிரித்தார். "வீட்டுல ஃபேனுக்கு அடியில உக்காந்து வேலை பாக்கறவங்களுக்குச் சங்கம் கேக்குதோ?"

"ஃபேனும் எங்களுது, கரன்ட் பில்லும் எங்களுது சார்" என்றாள் குழாய்.

சிரிப்பு நின்றது. "உங்க எடத்துக்கு வரிசையில ஆள் நிக்குது. ஒரு பட்டனை அமுக்கினா நீங்க யாருமே கிடையாது."

அமுக்கியும் விட்டார். புள்ளி சாம்பலானது. மாஸ்டர் ஃபைல் போனது. மஞ்சள், நீல, சிவப்பு வரிகளும் அதோடு போயின. அவளிடம் அவர்கள் யாருடைய போன் நம்பரும் இல்லை.

"போச்சா?" என்றான் கணவன்.

"போச்சு. நாளைக்கு ஆபீஸ் வாசலுக்கு வரச் சொல்லியிருக்காங்க."

அவன் வேன் சாவிக்கொத்தைத் தேடி எடுத்து மேசைமேல் வைத்தான். "காலையில வண்டியில இறக்கி விடறேன்" என்றான்.

மறுநாள் காலை, ஆபீஸ் இரும்புக் கதவு பூட்டியிருந்தது. வாசலில் சிலர் பஸ்ஸுக்கு நிற்பவர்கள் மாதிரி ஆளுக்கொரு பக்கம் பார்த்து நின்றார்கள். முகம் தெரிந்தால்தானே பேசுவதற்கு? தலை நரைத்த ஒருவர் திரும்பினார். கூடத்தில் கேட்ட அதே தொண்டையில் கத்தினார். "ஏய் படிக்கட்டு! இங்க வா!"

அந்தச் சத்தத்தில் மற்றவர்களும் நெருங்கி வந்தார்கள். "நீங்கதான் லைட்டா? குரலுக்குப் பெரிய ஆளா இருப்பீங்கன்னு நெனச்சேன்" என்றாள் குழாய். லைட்டு வெட்கப்பட்டார்.

அப்போது தெருவைக் கடந்து ஒருவர் வந்தார். பாதமெல்லாம் சிமென்ட் வெடிப்பு. "படிக்கட்டை வரைஞ்சது யாரு?" என்று கேட்டார்.

தூண் அண்ணன் முன்னால் போனார். அவள் அவரை விலக்கினாள். "நான்தான்."

"அடியில மாட்டுனவன் என் தம்பி. அவன் காலை நேத்து எடுத்துட்டாங்க."

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். பக்கத்தில் கிடந்த செங்கல் துண்டை எடுத்துச் சிமென்ட் தரையில் படியை வரைந்தாள். "பீம் இங்க இருக்குன்னு நெனச்சு வரைஞ்சேன் அண்ணே. நகந்துடுச்சு. எனக்குத் தெரியாது. எங்களை ஒருத்தருக்கொருத்தர் பேசவே விடல." தூண் அண்ணன் குந்தி உட்கார்ந்து, தன் கையால் பீமை ஒரு சாண் தள்ளி வரைந்தார்.

வந்தவர் குனிந்து பார்த்தார். பிறகு அவரும் உட்கார்ந்து செங்கல் துண்டை வாங்கினார். "முட்டு இங்க ஒண்ணு, இங்க ஒண்ணு. பத்தாதுன்னு தம்பி சொன்னான். பேசாம இடின்னான் மேஸ்திரி." இரண்டு கோடுகள் இழுத்தார். "எங்களையும் பேச விடல. சைட்டுல இன்னிக்கு யாரும் வேலைக்கு எறங்கல. யார்கிட்டப் போய்க் கேக்கறதுன்னு தெரியாமத்தான் இங்க வந்தேன்."

கதவின் சின்னத் திறப்பில் மேனேஜர் முகம் தெரிந்தது. "என்ன கூட்டம் இது? ஒவ்வொருத்தரா உள்ள வாங்க, பேசிக்கலாம்."

"எல்லாரும் ஒண்ணாத்தான் வருவோம் சார்" என்றாள் படிக்கட்டு. "இவரும் வருவார்."

திறப்பு மூடிக்கொண்டது. வெயில் ஏறியது. கணவன் வேனை எடுத்துக்கொண்டு போகாமல், எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கி வந்தான். சைட்டிலிருந்து இன்னும் சிலர் தெருமுனையில் திரும்பினார்கள். அவர்கள் வந்து பார்க்க வேண்டுமே என்று, வரைந்ததை மிதிக்காமல் எல்லோரும் சற்று நகர்ந்து உட்கார்ந்தார்கள்.