தந்தை இருக்குமிடம்: மூன்றாவது மேசை

1

இந்தக் கதை ஒரு பட்டியலாகத்தான் பிறந்தது. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். சென்னையிலிருந்து ஒரு பயண இதழ் கேட்டது: 'மக்காசாரில் எங்கே சாப்பிடலாம், எதை ரசிக்கலாம்? பத்து இடங்கள். ஜாலியாக எழுதுங்கள்.' பத்தொன்பது வருடமாக இந்த இந்தோனேசியத் துறைமுக ஊரின் இறால் ஆலையில், கை மரத்துப்போக வேலை பார்ப்பவளிடம் ஜாலி எவ்வளவு மிச்சமிருக்கும் என்று அவர்கள் யோசிக்கவில்லை. நானும் யோசிக்காமல் சரி என்றேன்.

முதல் இடத்தை எழுதினேன். இரண்டாவதையும் எழுதினேன். மூன்றாவது, லோசாரி கடற்கரையை ஒட்டிய ஒரு சுட்ட மீன் கடை. 'வாசலில் ஐஸ் பெட்டி இருக்கும். உங்களுக்குப் பிடித்த மீனை நீங்களே' என்று எழுதும்போது, என்னோடு வேலை பார்க்கும் நிடார் தன் அப்பாவை விட்டுவிட்டு எழுந்து போனது அந்தக் கடையில்தான் என்பது ஞாபகம் வந்தது. வாக்கியம் அங்கேயே நின்றுவிட்டது. நிற்கட்டும்.

(பட்டியல் வராது என்று இதழுக்குச் சொல்லிவிட்டேன். பதில் இல்லை.)

2

தொடக்கம் மூன்று முறை எழுதினேன்.

'வியாழக்கிழமை காலை, கிழக்குக் கோடியில் இருக்கும் சொரோங்கிலிருந்து வந்த கப்பல் கரையைத் தொட்டபோது' – வேண்டாம். கப்பலில் தொடங்கினால் வந்தவருடைய கதையாகிவிடும். இது கூட்டிவரப் போனவளுடைய கதை.

'தகப்பன் என்பவன் யார்?' – ஐயோ, வேண்டவே வேண்டாம்.

மூன்றாவது, நேராக:

ஹஸ்னிடாருக்கு இருபத்தொன்பது வயது. எல்லோருக்கும் நிடார். எங்கள் ஆலையில் இறாலைத் தரம் பிரிக்கும் பிரிவுக்கு அவள்தான் மேற்பார்வை. ஞாயிற்றுக்கிழமை அவளுக்கும் ஃபிர்மானுக்கும் நிக்காஹ். பெண்ணை மணமுடித்துக் கொடுக்க அவளைப் பெற்றவர் வந்து உட்கார வேண்டும். அவர் எங்கே இருக்கிறார் என்றே தெரியாவிட்டால் அரசாங்க அதிகாரி ஒருவர் அந்த இடத்தில் உட்காரலாம். தகப்பனோ அதிகாரியோ, அப்படி உட்காருகிறவருக்கு வலி என்று பெயர்.

('எங்க பாஷையில அந்தச் சொல்லுக்கு நோவுன்னு அர்த்தம்' என்று நிடாரிடம் ஒருமுறை சொன்னேன். 'எங்க வீட்டுலயும் அதேதான், அக்கா' என்றாள்.)

அவள் அப்பா டாயெங் நாபா (டாயெங் என்பது இங்கே பெரியவர்களுக்கு மரியாதைச் சொல்), முன்பும் போய்வந்த கிழக்குப் பக்கமே, அவளுக்கு ஏழு வயதாகும்போது மறுபடி வேலை தேடிக் கப்பல் ஏறினார். வேலை கிடைத்திருக்க வேண்டும். ஆள் திரும்பவில்லை. இருபத்திரண்டு வருடம் கழித்து, கல்யாணம் நிச்சயமான பிறகு, கப்பல்காரர் ஒருவர் மூலம் அவருடைய எண்ணைத் தேடிப் பிடித்தாள். 'வர்றேன்' என்று ஒற்றை வார்த்தையில் பதில் வந்தது.

அம்மாவிடம் சொன்னாள். அம்மா காய் நறுக்குவதை நிறுத்தவில்லை.

"கையெழுத்துப் போடணும்னா வரட்டும். என் வீட்டுல அந்த ஆள் கை நனைக்கக் கூடாது."

ஆக, அவர் வந்து இறங்கிய வியாழக்கிழமை முழுக்க அவருக்கு வெளியில்தான் சாப்பாடு. நிடாரின் கைப்பையில் இரண்டு காகிதங்கள் இருந்தன. ஒன்று, தந்தையின் ஒப்புதல். இன்னொன்று, 'தந்தை இருக்குமிடம் தெரியவில்லை' என்ற உறுதிமொழி. இது ஃபிர்மானின் பெரியப்பா யோசனை. ரெண்டும் கையில் இருக்கட்டும் என்று கொடுத்திருந்தார். எந்தக் காகிதத்தைக் கொடுப்பதென்று அவள் முடிவு செய்யவில்லை. ஏன் போனீர்கள் என்று கேட்பாள். ஒரு நேரான பதில் வந்தால் ஒப்புதல். வராவிட்டால் மற்றது. இரண்டில் ஒன்றை அன்றே கொடுத்தாக வேண்டும்; பதிவு அலுவலகம் நாலு மணிக்கு மூடும்.

3

கப்பலிலிருந்து இறங்கியவர் அவள் நினைத்ததைவிடக் குட்டையாக இருந்தார். தோளில் ஒரே ஒரு பை. அவளைப் பார்த்ததும் சொன்ன முதல் வார்த்தை:

"சோத்தோ கடை திறந்திருக்குமா?"

ஸ்கூட்டரின் பின்னால் உட்காரவைத்துக் கூட்டிப்போனாள். நிலக்கடலை அரைத்த சாற்றில் மாட்டுக் குடலும் ஈரலும் கொதிக்கும் அந்தப் பெரிய பானைக்கு முன்னால் அவர் கண்ணை மூடி நின்றார். முதல் கிண்ணத்தைத் தலை நிமிராமல் முடித்தார். இரண்டாவதுக்குக் கை நீட்டினார்.

"என்ன டாயெங், கப்பல்ல சோறே போடலையா?" என்றாள் கடைக்காரி.

"போட்டாங்க. அதெல்லாம் வயித்துக்கு. இது எனக்கு."

"அப்ப ஈரல் தூக்கலா போடட்டுமா?"

"கேட்டுட்டா போடுவாங்க? போடும்மா."

கடையே சிரித்தது. நிடாருக்கும் உதடு கொஞ்சம் அசைந்துவிட்டது. அதற்காகத் தன் மேலேயே எரிச்சல் வந்தது.

"உங்ககிட்ட ஒண்ணு கேட்கணும்" என்றாள்.

"கேளு, கேளு. சாப்பிட்டுட்டுக் கேளு."

சாப்பிட்ட பிறகு மீன்பிடித் துறைமுகத்தைப் பார்க்க வேண்டும் என்றார். மரக்கப்பல்களின் மூக்குகளை எண்ணிக்கொண்டே நடந்தார். அங்கே கேட்க வாயெடுத்தாள். 'அந்தப் பக்கம் ஜாலங்கோத்தே விப்பாங்களே, இப்பவும் இருக்காங்களா?' என்றார். இருந்தார்கள். சூடான அந்தச் சோமாசியைக் கடித்து, உள்ளே மிளகாய்த் தண்ணீரை ஊற்றி, ஊதி ஊதி மூன்று தின்றார். கடற்கரைக்கு வந்தார்கள். வாழைப்பழத்தை நசுக்கிச் சுட்டு வெல்லப்பாகு ஊற்றுகிறவனிடம், பாகு முன்பைவிட நீர்த்துவிட்டதாகச் சண்டை பிடித்தார்.

"எந்த முன்ன?" என்றான் அவன்.

டாயெங் நாபா விரலை நக்கிக்கொண்டார்.

[இங்கே ஒரு சிக்கல். எழுத எழுத இந்த மனிதரை எனக்குப் பிடிக்க ஆரம்பித்துவிட்டது. வாய்க்கு ருசியாகச் சாப்பிடுகிறவனைக் கெட்டவனாக எழுதுவது கஷ்டம். நிடாருக்கும் அன்று அதே கஷ்டம்தான். மணி பன்னிரண்டு. ஃபிர்மான் மூன்று முறை கூப்பிட்டுவிட்டான். அவள் எடுக்கவில்லை.]

4

சுட்ட மீன் கடை. ஐஸ் பெட்டிக்குள் கையைவிட்டு, செவுளைத் தூக்கிப் பார்த்து, ஒரு ஓரா மீனை எடுத்தார். ஜன்னலோரம் மூன்றாவது மேசை. சோறு, துருவிய மாங்காய்ச் சம்பல், சுட்ட மீன். வெளியே கடல் வெயிலில் வெள்ளையாகக் கிடந்தது.

இங்கே கேட்காவிட்டால் இனிமேல் கேட்கவே போவதில்லை என்று நிடாருக்குத் தெரிந்தது. ஆனாலும் வாயில் வந்தது வேறு.

"ஞாயித்துக்கிழமை ஃபிர்மான் கையைப் பிடிச்சுக்கிட்டு நீங்க வாசகம் சொல்லணும். நிறுத்தாம, தடுமாறாம. தெரியுமா? எழுதித் தரட்டுமா?"

"எழுதியெல்லாம் தர வேண்டாம்."

மீனிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார். என் மகள் இன்னாரை, இன்ன மஹர் மணக்கொடைக்கு, உனக்கு மணமுடித்துக் கொடுத்தேன் என்ற அந்த வாசகம் முழுவதையும் ஒரே மூச்சில், சமையல் குறிப்பு சொல்கிறவர் மாதிரி. எங்கே மூச்சு வாங்க வேண்டும், எங்கே கூடாது என்பதெல்லாம் அவருக்குத் தெரிந்திருந்தது.

நிடார் கையில் எடுத்த சோற்றை இலையிலேயே விட்டாள்.

"எங்க கத்துக்கிட்டீங்க?"

"இதெல்லாம் எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே."

"இல்ல. இது சொல்லிப் பழகின வாய்."

சம்பலைக் கிளறினார். "போன வருஷம் ஒரு தடவை சொன்னேன். சொரோங்ல."

"யாருக்கு?"

"சல்மியாவுக்கு."

"சல்மியா யாரு?"

"உன் தங்கச்சி."

பக்கத்து மேசையில் ஒரு குடும்பம் பெரிய களவா மீனுக்கு முன்னால் படம் எடுத்துக்கொண்டிருந்தது.

"அவளுக்கு என்ன வயசு?"

டாயெங் நாபா முதல் முறையாக அவள் முகத்தைப் பார்த்தார். "இருபத்திரெண்டு" என்றார்.

ஏன் போனீர்கள் என்ற கேள்வியை வருடக்கணக்காகச் செதுக்கி வைத்திருந்தாள். கேட்காமலே அதற்குப் பதில் வந்துவிட்டது. அவர் ஏறிய அந்தக் கப்பல் புறப்பட்டபோது, அந்தப் பக்கத்தில் ஒருத்தியின் வயிற்றில் சல்மியா ஏற்கனவே இருந்தாள்.

நிடார் எழுந்தாள். பையை எடுத்தாள். கை கழுவாமலே வெளியே போய் ஸ்கூட்டரை எடுத்தாள்.

5

இந்தப் பகுதியை அவள் துண்டு துண்டாகச் சொன்னாள். நான் கோர்வையாக்கப் பார்த்தேன், வரவில்லை. கடற்கரைச் சாலையில் போனாள். திரும்பினாள். பெட்ரோல் போட நின்றாள், போடவில்லை. தன் வலது கையில் மீன் வாசனை அடித்துக்கொண்டே இருந்தது என்றாள். அவர் சாப்பிட்ட மீன், அவள் தொட்டதோடு விட்ட மீன், ஒரே மீன்.

மூன்று மணிக்குப் பதிவு அலுவலகத்தில் இருந்தாள். இரண்டாவது காகிதத்தை நீட்டினாள். எழுத்தர் நடுத்தர வயதுக்காரர்; கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிப் படித்தார்.

"தந்தை இருக்குமிடம் தெரியவில்லை. சரிதானே?"

நிடார் காகிதத்தின் ஓரத்தை விரலால் நீவினாள்.

"ஆமாவா இல்லையா, சொல்லணும்மா. நான் கேட்கணும், நீங்க சொல்லணும். அப்புறம் கையெழுத்து."

அவர் இருக்குமிடம் அவளுக்குத் தெரியும். சுட்ட மீன் கடை, மூன்றாவது மேசை, ஜன்னல் பக்கம். அவ்வளவு துல்லியமாக அவர் எங்கே இருக்கிறார் என்று ஏழு வயதுக்குப் பிறகு அவளுக்கு ஒருநாளும் தெரிந்ததில்லை.

"எத்தனை மணி வரைக்கும் இருப்பீங்க?" என்று கேட்டாள்.

"நாலு. என் பொண்டாட்டி கூப்பிட்டா மூணே முக்கால்."

"கூப்பிட வேண்டாம்னு சொல்லுங்க" என்று காகிதத்தை உருவிக்கொண்டு ஓடினாள்.

6

திரும்பிப் போனபோது அவர் என்ன செய்துகொண்டிருந்தார் என்பதை நான் இப்படி எழுதியிருந்தேன்:

'டாயெங் நாபா முகத்தைக் கைகளில் புதைத்திருந்தார். தோள்கள் குலுங்கின.'

இந்தப் பக்கத்தை, ஆலையில் உடை மாற்றும் அறையில், நிடாருக்கு அவர்கள் மொழியில் சொல்லிக் காட்டினேன். அவள் ரப்பர் பூட்ஸை இழுத்து மாட்டிக்கொண்டே இல்லை என்று தலையாட்டினாள்.

"அழ வச்சுட்டீங்களாக்கா? அவர் எங்க அழுதார்? முள்ளு எடுத்துக்கிட்டிருந்தார்."

"முள்ளா?"

"என் பக்கத்து மீனை. சதையைத் தனியா பிரிச்சு என் இலையில குவிச்சு வச்சிருந்தார். நான் திரும்பி வருவேன்னுகூட அவருக்குத் தெரியாது."

ஆக, மேலே உள்ள அழுகையை அடித்துவிடுங்கள்.

நடந்தது இவ்வளவுதான். அவள் மேசைக்கு முன்னால் வந்து நின்றாள். அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"ஆறிப்போச்சு. சாப்பிடு."

"நேரமில்ல. எழுந்திரிங்க."

"நீ காலையிலேர்ந்து ஒண்ணும் சாப்பிடல. நான் மட்டும்தான்."

அதைக் கவனித்திருக்கிறார் என்பது அவளுக்கு எரிச்சலாக இருந்தது. நின்றபடியே இரண்டு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டாள். மூன்றாவது வாயும் போட்டுக்கொண்டாள். பிறகு ஸ்கூட்டர்.

எழுத்தர் பையை மாட்டிக்கொண்டு கிளம்பத் தயாராக இருந்தார். வியர்த்து நின்ற கிழவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"இவர் யாரு?"

நிடார் அன்று காலையிலிருந்து அவரை எதுவும் சொல்லிக் கூப்பிடவில்லை; அப்பாவுக்கு இங்கே சொல்லும் 'தெத்தா'கூட இல்லை. நீங்க, வாங்க, உட்காருங்க, அவ்வளவுதான்.

"எங்க தெத்தா. இருக்குமிடம் தெரிஞ்சுடுச்சு" என்றாள்.

எழுத்தர் பையைக் கழற்றி வைத்தார்.

7

ஞாயிற்றுக்கிழமை, பள்ளிவாசல். நான் போயிருந்தேன், ஆனால் பெண்கள் பக்கம், பின் வரிசை, காதில் எதுவும் சரியாக விழவில்லை. அதனால் கற்பனையை நம்பி எழுதினேன்: சொரோங்கில் தண்ணீர் மாதிரி சொன்ன வாசகம், நிடாரின் பெயர் வரும் இடத்தில் தொண்டையில் சிக்கியது. ஒருமுறை. இரண்டாம் முறை. மூன்றாம் முறைதான் முழுதாக வந்தது.

இதையும் அவளிடம் சொன்னேன்.

"தடுமாறல அக்கா. ஒரே மூச்சு. சாட்சிக்காரங்க 'செல்லும், செல்லும்'னு சொல்லிட்டாங்க. எல்லாரும் அவரைப் பாராட்டினாங்க." கையுறையின் விரல்களை ஒவ்வொன்றாக இழுத்துச் சரிசெய்தாள். "நான் காத்துக்கிட்டே இருந்தேன், என் பேர்ல ஒரு இடறலாவது வரும்னு."

"அப்ப அந்த வரியை எடுத்துடறேன்."

"வேண்டாம். இருக்கட்டும். கதையிலயாவது தடுமாறட்டும்."

எனவே அது அப்படியே இருக்கிறது. உண்மை எது என்று உங்களுக்குச் சொல்லியாகிவிட்டது. எது நிற்க வேண்டும் என்பதை அவள் சொல்லிவிட்டாள்.

8

இத்துடன் முடித்திருக்கலாம். டாயெங் நாபா செவ்வாய்க்கிழமை கப்பலில் திரும்பிப் போனார், மகள் கையசைத்தாள் அல்லது அசைக்கவில்லை என்று இரண்டு முடிவு எழுதி வைத்திருந்தேன். இரண்டும் சுமாராக வந்திருந்தன.

நேற்று மதிய உணவு நேரத்தில் நிடார் என் எதிரில் வந்து உட்கார்ந்தாள். போனைத் திருப்பிக் காட்டினாள். தெரியாத எண்.

'அக்கா, நான் சல்மியா. தெத்தா உங்க நம்பர் தரலை, நானே அவர் போன்லேர்ந்து எடுத்தேன். எனக்கு அஞ்சு மாசம். பிரசவத்துக்கு முன்னாடி ஒரு தடவை உங்களைப் பார்க்கணும். வரலாமா? வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லிடுங்க, கோச்சுக்க மாட்டேன்.'

கீழே, பதில் எழுதும் இடத்தில், நிடார் அடித்து அழித்த தடம் எதுவும் தெரியவில்லை. ஆனால் நாலு நாளாக அடித்து அழிப்பதாகச் சொன்னாள்.

"அம்மாவுக்குத் தெரியுமா?"

"தெரியாது. தெரிஞ்சா என்ன சொல்வாங்கன்னு தெரியும்."

"ஃபிர்மான் என்ன சொல்றார்?"

"'உன் இஷ்டம்'ங்கறார். இந்த உன் இஷ்டம்ங்கிற வார்த்தையைக் கண்டுபிடிச்சவனை உதைக்கணும்." போனை என் பக்கம் தள்ளினாள். "நீங்கதானே எழுதறவங்க. எழுதுங்க."

அறிமுகமில்லாத ஒருத்திக்கு, அவள் அக்கா சார்பில், எனக்குச் சொந்தமில்லாத மொழியில். கதையில் என்றால் நொடியில் எழுதிவிடுவேன். 'வா' என்று எழுதினால் அவள் அம்மாவின் முகம் வந்து நின்றது. 'வேண்டாம்' என்று எழுத விரல் போகவே இல்லை. கடைசியில் ஒரே ஒரு சொல் அடித்தேன். 'தங்கச்சி,' என்று. காற்புள்ளியோடு. போனைத் திருப்பிக் கொடுத்தேன்.

நிடார் அதைப் படித்தாள். அழிக்கவில்லை. அனுப்பவும் இல்லை. கட்டைவிரல் அந்தக் காற்புள்ளிக்குப் பக்கத்தில் நின்றது. வேலைக்குக் கூப்பிடும் மணி அடித்தது. நாங்கள் இருவரும் எழுந்திருக்கவில்லை.

இதற்கு மேல் நான் எழுதப் போவதில்லை. உங்களுக்கு ஒரு தங்கையோ அக்காவோ இருந்தால், அந்தக் காற்புள்ளிக்குப் பிறகு என்ன வரும் என்று நீங்கள் அடித்துப் பாருங்கள்:

தங்கச்சி,