அவர் கத்தவில்லை

சாவதற்கு முன் அவள் புருஷன் "போலீஸ்" என்று சொன்னாரா இல்லையா என்பதில்தான் இனி அந்த வீட்டில் அடுப்பு எரிவது இருந்தது.

அன்று அவருக்கு விடுமுறை. மகளுக்குச் செருப்பு வாங்கப் போனவர், மருந்துக்கடையில் கத்தியைக் காட்டிப் பணம் பிடுங்கியவனை மறித்துக் குத்துப்பட்டார். தான் காவலர் என்று அறிவித்துவிட்டு மறித்திருந்தால் அது கடமையில் நேர்ந்த சாவு. பிள்ளைகள் தலையெடுக்கும் வரை முழுப் பென்ஷன். அறிவிக்காமல் மறித்திருந்தால் தெருச்சண்டையில் செத்த யாரோ ஒருவர். சட்டம் அப்படி.

விசாரணை அதிகாரியும் பழைய போலீஸ்காரர்தான். மீசை நரைத்தும் முதுகு வளையவில்லை. அவருக்கு எதிரே அவளும், மெக்கானிக் வேலை பார்க்கும் அவள் தம்பியும். பக்கத்தில் மருந்துக்கடைக்கு எதிர்க்கடையான சலூன்காரர். ஒரே சாட்சி. கத்தரி பிடித்துப் பழகிய அவர் விரல்கள் சும்மா இருக்கமாட்டாமல் காற்றை வெட்டிக்கொண்டிருந்தன.

"கணீர்னு கத்தினாருங்க. 'போலீஸ், நில்லுடா'ன்னு. என் கடைக் கண்ணாடியே அதிர்ந்துச்சு."

அவள் சட்டென்று சலூன்காரரைத் திரும்பிப் பார்த்தாள். பதற்றம் வந்தால் அவள் புருஷனுக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். மகள் பிறந்த அன்று, மனைவி பெயர் என்ன என்று கேட்ட நர்ஸிடம் சொல்ல வராமல் எழுதிக் காட்டிய மனுஷன். வாய் கைவிடும் என்பதால்தான் விடுமுறை நாளிலும் சட்டைக்குள் விசில் தொங்கும். ஸ்டேஷனில் அவருக்குப் பட்டப்பெயரே 'விசில்'. குளிக்கும்போதாவது கழற்றக் கூடாதா என்று அவளும் கேலி செய்திருக்கிறாள்.

தம்பியைப் பார்த்தாள். அவன் மேலே சுற்றாத மின்விசிறியை ஆராய்ந்துகொண்டிருந்தான். ஓதிவிட்டது யார் என்று புரிந்துபோயிற்று.

அதிகாரி எழுதி முடித்தார். அடுத்து ஏட்டை விசாரிக்கப் போவதாகச் சொன்னார். ஏட்டு வெளியே பெஞ்சில்தான் இருந்தார். அவள் புருஷனோடு வருஷக்கணக்கில் ரோந்து போனவர்; பொய் சொன்னால் காது மடல் சிவந்துவிடும்.

"அக்கா, கைக்கு எட்டினது வாய்க்கு எட்டாமப் பண்ணிடாத," தம்பி முணுமுணுத்தான்.

வாயை மூடிக்கொண்டால் போதும் என்றுதான் அவளும் நினைத்தாள். ஆனால் ஏட்டிடம் பொய் உடைந்தால், பிறகு எந்த உண்மை நிற்கும்? அதுவும் போக, அந்தக் காகிதத்தில் செத்துக்கொண்டிருந்தவர் வேறு யாரோ, கணீர்க் குரல்காரர்.

"அவரால கத்த முடியாதுங்க," என்றாள்.

பேனா நின்றது. அவள் திக்குவாயைச் சொன்னாள், விசிலைச் சொன்னாள். அதிகாரி ஆஸ்பத்திரியிலிருந்து வந்த உறையைக் கிழித்து மேசையில் கொட்டினார். கைக்கடிகாரம், சாவி, மகளின் பாதத்தை வைத்து அளவுக்கு வெட்டிய அட்டை. அவ்வளவுதான்.

"விசில் இல்லையேம்மா. அவரு ஒண்ணு சொல்றாரு, நீங்க ஒண்ணு சொல்றீங்க. நான் எதை நம்பறது?"

 தம்பியின் கால் தரையில் தாளம் போட்டது.

சலூன்காரரின் விரல்கள் நின்றன. "விசில்தாங்க கேட்டுச்சு. அது எங்க தெறிச்சு விழுந்துச்சோ தெரியல. வெறும் விசிலுக்கெல்லாம் பென்ஷன் தரமாட்டாங்கன்னு..." தம்பி பக்கம் பார்த்து மிச்சத்தை விழுங்கினார்.

"பாடத்தை மாத்திட்டீங்களா? சரி, எப்படி ஊதினாரு?"

சலூன்காரர் கண்ணை மூடினார். உதட்டைக் குவித்து ஊதினார். இரண்டு குட்டை, ஒரு நெட்டை. மறுபடியும் இரண்டு குட்டை. நெட்டை பாதியில் நின்றது.

"அதோட நின்னுடுச்சுங்க."

கதவு படாரென்று திறந்தது. ஏட்டு உள்ளே பாய்ந்து வந்து நின்றார். கை இடுப்பு லத்தியில் இருந்தது.

"யாருக்கு என்ன ஆச்சு?"

அப்போதுதான் அதிகாரியும் தன் நாற்காலியை விட்டுப் பாதி எழுந்து நிற்பதை அவள் கண்டாள். அவர் மெல்ல உட்கார்ந்தார்.

"எங்க ஆளு உதவிக்குக் கூப்பிடற விசில்மா இது. ஊதினாலே போலீஸ்னு அறிவிச்ச மாதிரிதான். வெளியில யாருக்கும் சொல்லிக்குடுக்க மாட்டோம்," என்றவர் ஏட்டைப் பார்த்தார். "உட்காருங்க ஏட்டு. உங்ககிட்ட கேட்க வேண்டியதைக் கேட்டாச்சு."

பழைய வரியை அடித்தார். எழுத எழுத வாய்விட்டே படித்தார்: காவலர், தாம் காவலர் என்பதை விசில் ஊதி அறிவித்த பின்னரே குற்றவாளியை மறித்தார்.

தம்பியின் கால் நின்றுபோயிருந்தது. அவள் மேசையிலிருந்த அட்டையை எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டாள்.

"எடுத்துக்கங்கம்மா."

அட்டையில் மகளின் கட்டைவிரல் பக்கம் கொஞ்சம் கூடுதலாக விட்டு வெட்டியிருந்தார். வளரும் பிள்ளை என்று.