தட்டு ஒரு பக்கம், பெட்டி ஒரு பக்கம்

கட்டிலையும் அலுமாரியையும் தூக்கி வெளியே வைத்தாகிவிட்டது. மூலையில் மிச்சமிருந்தது அந்த மரப்பெட்டி ஒன்றுதான். அழகமுத்து அதன் பக்கம் போவதும், வேறு ஏதோ வேலை ஞாபகம் வந்தவர்போலத் திரும்புவதுமாக இருந்தார். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமல் இல்லை. தெரிந்துதான் இத்தனை வருஷமாக அதன்மேல் பழைய சாக்கு, உடைந்த குடை, பேரப்பிள்ளையின் மூன்று சக்கர சைக்கிள் என்று ஒவ்வொன்றாக ஏற்றிவைத்திருந்தார்.

"அதையும் லொறியில ஏத்தணுமா, இல்ல இங்கயே போட்டுட்டுப் போறதா?" என்று வெளி இஸ்தோப்புத் திண்ணையிலிருந்து கேட்டாள் மனைவி சின்னம்மா. மூட்டைகளுக்கு நடுவே அவள் உட்கார்ந்திருந்தாள்.

"போட்டுட்டுத்தான் போகணும்" என்றார். ஆனால் போட்டுவிட்டு நகரவில்லை.

நிவித்திகலவிலிருந்து ஏறி வருகிற பாதையில், றப்பர் முடிந்து தேயிலை தொடங்குகிற இடத்தில் இருந்தது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடான அந்த லயம். அரநாயக்கவில் மலை சரிந்து இறங்கி ஊரை மூடிய வருஷத்திலிருந்து, மழைக்காலம் வந்தால் அதிகாரிகளும் வந்தார்கள். லயத்துக்குப் பின்னால் மலையில் ஓடுகிற வெடிப்பைப் பார்ப்பார்கள், தலையை ஆட்டுவார்கள், தேத்தண்ணி குடித்துவிட்டுப் போவார்கள். இந்தத் தடவைதான் போகும்போது கதவில் நோட்டீஸ் ஒட்டிவிட்டுப் போனார்கள். தோட்டத்தின் கீழ்ப் பிரிவில் கட்டிய புது வீடுகளுக்கு எல்லோரும் இறங்க வேண்டும். இன்றைக்கு அழகமுத்துவின் முறை. பக்கத்துக் காம்பராவில் இருக்கும் அவருடைய அண்ணன் ஏழுமலைக்கும் இன்றைக்குத்தான் முறை. ஹார்ட்வெயார் கடை பாறூக்கின் லொறி இரண்டு குடும்பத்துக்கும் பொது. அண்ணனும் தம்பியும் முகம் பார்த்துப் பேசி வருஷக்கணக்காகிறது. அவர்களுடைய சட்டி பானைகளாவது இன்று ஒன்றாகப் போகட்டும் என்று லயத்தில் கேலி பேசிக்கொண்டார்கள்.

சண்டை பாட்டினால் வந்தது. வெளியாட்களிடம் சொன்னால் சிரிப்பார்கள்.

இவர்களுடைய அப்பா பங்களாவில் அப்புவாக இருந்தவர். சமையலும் அவர்தான், மேசையில் பரிமாறுவதும் அவர்தான். சாயங்காலத்தில் வெள்ளைக்கார துரை கிளாசும் கையுமாக சாய்மனைக் கதிரையில் உட்கார்ந்து இசைத்தட்டுப் போடுவார். ட்ரம்பெட்டும் பியானோவுமாக ஜாஸ் சங்கீதம் மலை முழுக்கக் கேட்கும். பள்ளிக்கூடம் போகிற வயதில் ஒருநாள் விறகு கொண்டுபோன அழகமுத்து, சமையல்கட்டான குசினி வழியாக எட்டிப் பார்த்தான். சாப்பாட்டு அறைக் கதவுக்குப் பின்னால், கையில் தட்டத்தோடு, வெள்ளை உடுப்பில் அப்பா நின்றுகொண்டிருந்தார். கண் மூடியிருந்தது. கால் கட்டைவிரல் மட்டும் தரையில் தாளம் போட்டது. அப்பா துரைக்கு முன்னால் கைகட்டி நிற்பதை அவன் பலமுறை பார்த்திருக்கிறான். அது வயிற்றுப்பாடு. ஆனால் துரையின் பாட்டை அவர் ரசித்து நின்றதை அவனால் தாங்க முடியவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டே லயத்துக்கு ஓடி வந்தான்.

தோட்டங்களை அரசாங்கம் எடுத்தபோது துரை கப்பலேறினார். போகும்போது பாட்டுப் பெட்டியையும் தட்டுகளையும் அப்பாவிடம் கொடுத்துவிட்டுப் போனார். லயத்தில் அப்போது கரண்ட் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பா தட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து, மெல்லிய துணியால் துடைத்து, உறையில் போட்டு வைப்பார். கரண்ட் வந்த பிறகு கேட்கவும் தொடங்கினார். சொந்த வீட்டிலும் நின்றுகொண்டுதான் கேட்டார். மூத்தவன் ஏழுமலை பக்கத்தில் உட்கார்ந்து கேட்பான். அழகமுத்து அந்த நேரம் பார்த்து வெளியே போய்விடுவான். பிறகு அவன் தொழிற்சங்கத்தில் சேர்ந்து, தோட்டத் தலைவரும் ஆகி, மேடைகளில் பேசினான். வீட்டுக்குள் மட்டும் துரையின் பாட்டு ஓயவில்லை.

அப்பா செத்த அன்று, தூக்குகிற நேரத்தில் ஏழுமலை பாட்டுப் பெட்டியைக் கொண்டுவந்து இஸ்தோப்பில் வைத்தார். அப்பாவுக்குப் பிடித்த தட்டைப் போட்டார். அது ஒரு சுற்றுச் சுற்றியிருக்காது, அழகமுத்து பிளக்கைப் பிடுங்கினார். "காலம் பூரா நின்னுக்கிட்டு கேட்டது போதாதா? சாவுலயும் தொர பாட்டா?" என்று கத்தினார். அண்ணன் கையை ஓங்க, தம்பி சட்டையைப் பிடிக்க, பிணத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இரண்டு பேரும் கட்டிப் புரண்டார்கள். பிற்பாடு பாகம் பிரிக்க கோயில் கமிட்டி கூடியது. கமிட்டிக்காரர்களின் மூளையை என்னவென்று சொல்வது. இரண்டும் ஒரே வீட்டில் இருந்தால்தானே வம்பு என்று, பாட்டுப் பெட்டியை மூத்தவருக்கும், மரப்பெட்டியில் இருந்த தட்டுகளை இளையவருக்கும் எழுதிவிட்டார்கள். ஒருவனுக்கு அடுப்பு, ஒருவனுக்கு அரிசி. இரண்டு வீட்டிலும் பட்டினி.

லயத்தில் நடுச்சுவர் கூரை வரைக்கும் போவதில்லை. இந்தக் கோடியில் குழந்தை தும்மினால் அந்தக் கோடியிலிருந்து 'நூறு' என்பார்கள். பேசாமல் இருக்கலாம், கேட்காமல் இருக்க முடியாது. ஒவ்வொரு வருஷமும் அப்பாவின் திதியன்று, படையல் முடிந்ததும், சுவருக்கு அந்தப் பக்கம் 'டக்' என்று ஒரு ஸ்விட்ச் விழும். பிறகு மெல்லிய உறுமல் ஒன்று கேட்டுக்கொண்டே இருக்கும். தட்டு இல்லாமல் பெட்டி வெறுமனே சுற்றுகிற சத்தம் அது. இந்தப் பக்கம் அழகமுத்துவின் கை இலையில் அப்படியே நின்றுவிடும். சின்னம்மா குனிந்துகொண்டு இன்னொரு கரண்டி சோறு வைப்பாள்.

கீழ்ப் பிரிவில் வீடு பிரித்துக் கொடுக்கிறபோது, அண்ணனுக்குப் பக்கத்திலா என்று அதிகாரி கேட்டார். எந்தக் கோடியானாலும் சரி, பக்கத்தில் மட்டும் வேண்டாம் என்றார் அழகமுத்து. ஏழுமலையும் அதையே சொல்லியிருந்தார் என்று பிறகு தெரிந்தது. அண்ணன் தம்பி ஒற்றுமைக்கு அந்த ஒரு விஷயத்தில் குறைச்சலில்லை.

"மாமா, கரையான் ஏறியிருக்கான்னு பாத்துட்டாவது விடுவோமே" என்று மருமகள் சுதர்ஷினி வந்து பெட்டி முன் உட்கார்ந்தாள். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் படிப்பிக்கிறவள். அவர் வேண்டாம் என்று சொல்வதற்குள் மூடியைத் திறந்துவிட்டாள். ஈர வாடையோடு அப்பாவின் துணிவாடையும் சேர்ந்து வந்தது. ஓரம் பூத்துப்போன ஓர் உறையை அவள் உருவி எடுத்தாள்.

அட்டையில் ஒரு மனிதன். கன்னங்கரேல் என்ற முகம், நெற்றியெல்லாம் வியர்வை. கண்ணை மூடிக்கொண்டு, ட்ரம்பெட்டைத் தரையைப் பார்த்துப் பிடித்திருந்தான்.

"இது யாரு?"

"இவருதான் மாமா வாசிக்கிறது."

"தொர இல்லயா?"

சுதர்ஷினிக்குச் சிரிப்பு வந்தது. "தொரமாரு காசு குடுத்து கேட்டாங்க. பாட்டு இவங்களோடது. ஆப்பிரிக்காவுல இருந்து அடிமையா கப்பல்ல கொண்டு போனாங்கல்ல, பருத்தித் தோட்டத்துக்கும் கரும்புத் தோட்டத்துக்கும். அவங்க பேரப்புள்ளைங்க ஆரம்பிச்சது."

"தோட்டத்து ஆளுங்களா?"

"ஆமா மாமா. தோட்டத்து ஆளுங்க."

அவள் உறையைத் திருப்பினாள். பின்னட்டையில் ஐந்து பேர் ஒரு பெரிய ஹோட்டலின் பின்புறத்தில் நின்றார்கள். பக்கத்தில் குப்பை வாளிகள். எல்லோரும் வெள்ளைச் சட்டை, கழுத்தில் சின்னப் பட்டி. ஒருவன் கவிழ்த்த பெட்டியில் உட்கார்ந்து தகரக் கோப்பையில் எதையோ சாப்பிட்டுக்கொண்டிருந்தான். படத்துக்குக் கீழே இருந்ததை அவள் வாசித்துச் சொன்னாள். "வாசிக்க மட்டுந்தான் உள்ள விடுவாங்களாம். போறது வாறது குசினி வாசலால. அந்த ஹோட்டல்ல உக்காந்து ஒரு தேத்தண்ணி குடிக்க இவங்களுக்கு அனுமதி இல்லயாம்."

அவள் வாசித்திருக்க வேண்டியதில்லை. அந்த வெள்ளை உடுப்பையும் குசினி வாசலையும் அழகமுத்துவுக்குத் தெரியும். அப்பாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் துடைத்தவருக்குக் கண் இருந்தது. துரை கதிரையில் சாய்ந்து எதைக் கேட்டாரோ தெரியாது, கதவுக்குப் பின்னால் நின்றவர் யாரைக் கேட்டார் என்பது இப்போது தெரிந்தது. குசினி வாசலால் வந்தவன் வாசித்ததைக் குசினி வாசலால் வந்தவர் கேட்டிருக்கிறார். உலகத்துத் தொழிலாளர்களையெல்லாம் தோழர்களே என்று மேடையில் கூப்பிட்ட தலைவர், வீட்டு மூலையில் கிடந்த தோழர்களை ஒரு தடவைகூட எட்டிப் பார்க்கவில்லை.

கீழே பாதையில் லொறி ஹோர்ன் அடித்தது.

"போறதுன்னா இப்பவே போங்க" என்றாள் சின்னம்மா, மூட்டையைக் கட்டிக்கொண்டே. எங்கே என்று அவள் சொல்லவில்லை. "அங்க அவரு ஒரு கோடி, நாம ஒரு கோடி. நடுவுல சத்தம் கேக்க ஒரு செவுரு கூட கெடையாது."

அழகமுத்து அந்தத் தட்டை உறையோடு எடுத்துக்கொண்டு இறங்கினார். அடுத்த வாசல்தான். வருஷக்கணக்காக அந்த வாசலைக் கடந்து வேலைக்குப் போய் வந்த கால், இன்று அதில் ஏற மறுத்தது. ஏழுமலை உள்ளே குந்தியிருந்தார். பெண்சாதி போன பிறகு தனி ஆள். சாமான்களையெல்லாம் வெளியே அனுப்பிவிட்டு, பாட்டுப் பெட்டியை மட்டும் கம்பளியில் சுற்றிக் கயிறு போட்டுக்கொண்டிருந்தார். றப்பர் பால் வெட்டிக் காய்த்துப்போன விரல்கள் முடிச்சுப் போட்டன. பக்கத்தில் சுவரிலிருந்து இறக்கிய அப்பாவின் படம் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது.

"அண்ணே" என்றார் அழகமுத்து. பழக்கம் விட்டுப்போன சொல், கரகரத்து வந்தது.

ஏழுமலை திரும்பவில்லை. "கேட்டுச்சு" என்றார். சுவருக்கு மேலே கையைக் காட்டினார். "புள்ள வாசிச்சது எல்லாம் கேட்டுச்சு. அப்பா பக்கத்துல உக்காந்து நானும் அந்தப் படத்தப் பாத்தவன்தான். அன்னைக்கு நான் இதத்தான் சொல்ல வந்தேன். நீ பிளக்க புடுங்கிட்ட."

அழகமுத்து நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். கையிலிருந்த தட்டை நீட்டினார். ஏழுமலை அதை வாங்கி, உறையைப் பார்க்காமல், ஓரத்தை மட்டும் விரலால் தடவிப் பார்த்தார். அது அப்பாவின் தட்டுத்தான். பிறகு கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தார்.

கம்பளிக்குள் பெட்டி பளபளவென்று இருந்தது. "சைக்கிள் டியூப்ப வெட்டி பெல்ட்டு மாத்திருக்கேன். ஊசி மட்டும் அப்பா போட்டது, தொடல" என்றார் ஏழுமலை.

"ரெக்கோட் இல்லாம எதுக்குண்ணே பெல்ட்டு மாத்துனீங்க?"

"ஓடாம கெடந்தா கெட்டுப்போயிரும்ல. நீ எப்ப கொண்டு வருவியோ, யாருக்குத் தெரியும்?"

அழகமுத்து முகத்தைத் தோள்துண்டால் துடைத்துக்கொண்டார். அண்ணன் பெட்டியைத் தரையில் வைத்து, பிளக்கைக் குத்தினார். 'டக்'. சுவருக்கு அப்பால் கேட்டுக் கேட்டுப் பழகிய உறுமல் இப்போது காலடியில் கேட்டது. ஊசி இறங்கியது. கொஞ்ச நேரம் பொரிகிற சத்தம். அதற்குள்ளிருந்து ட்ரம்பெட் எழுந்தது.

அவசரப்படாத பாட்டு. ட்ரம்பெட்காரன் தன் பாட்டை முழுக்கச் சொல்லி முடிக்கிறவரைக்கும் மற்றவர்கள் தாளத்தை மட்டும் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்கள். பிறகு பியானோக்காரன் அதையே எடுத்து, வேறு விதமாக, தன் வீட்டுக் கதைபோலச் சொன்னான். யாரும் யாரையும் இடைமறிக்கவில்லை. துக்கமாகத் தொடங்கியது எந்த இடத்தில் சிரிப்பாக மாறியது என்று அழகமுத்துவால் பிடிக்க முடியவில்லை. இப்படி ஒன்றையா பிடுங்கிப் போட்டோம் என்று நெஞ்சு வலித்தது, வலிக்கும்போதே சந்தோஷமாகவும் இருந்தது.

பாட்டுப் பாதி போன பிறகுதான் கவனித்தார்கள், இரண்டு பேரும் கதவோரம் நின்றுகொண்டிருந்தார்கள்.

"உக்காருடா" என்றார் ஏழுமலை.

மிச்சமிருந்தது ஒரே ஒரு பிளாஸ்டிக் கதிரை. அழகமுத்து அதை இழுத்துப் பாட்டுப் பெட்டிக்கு நேரே போட்டார். அப்பாவின் படத்தைத் தூக்கி, கண்ணாடியைத் துடைத்து, கதிரையில் வைத்தார்.

"இவரு உக்காரட்டும்" என்றார்.

இருவரும் கதிரைக்கு இரண்டு பக்கமும் சீமெந்துத் தரையில் உட்கார்ந்தார்கள்.

பாறூக் மூச்சு வாங்க ஏறி வந்து வாசலில் நின்றார். "மழ வாரதுக்கு முந்தி கெதியா ஏத்துங்கன்னு சொன்னா, இங்க பாட்டுக் கச்சேரியா?" என்றவர், கதிரையைப் பார்த்தார். தொப்பியைச் சரிசெய்துகொண்டு நிலையில் சாய்ந்தார். "ஹரி" என்று சிங்களத்தில் தலையாட்டினார். "முடியட்டும்."

"கீழ போனா நீ அந்தக் கோடி. வச்சா எப்படிக் கேக்கும்?" என்றார் ஏழுமலை, தட்டைப் பார்த்தபடி.

"சத்தமா வைங்கண்ணே."

காலியான காம்பராக்களில் தடுக்க ஒன்றும் இல்லாததால் பாட்டு சுவருக்கு மேலால் ஏறி லயத்தின் கடைசி வரைக்கும் போய்த் திரும்பி வந்தது. மலையில் மேகம் இறங்கியது. ஏழுமலையின் கால் கட்டைவிரல் தரையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தது. அதோடு சேர்ந்து இன்னொரு தட்டலும் கேட்டது. யாருடையது என்று அழகமுத்து குனிந்து பார்த்தார். அவருடைய கால்தான்.