லேஸுக்குள் ஒரு கம்பி

வாயைத் திறக்கக் கூடாது. என் வேலைக்கு அது ஒன்றுதான் சட்டம். நியூயார்க்கில் என் முதலாளி பிராண்ட்வைன் தயாரிக்கும் உள்ளாடைகளைப் போட்டுக்கொண்டு கடைக்காரர்கள் முன்னால் நிற்க வேண்டும், திரும்ப வேண்டும், சிரிக்க வேண்டும்.

அன்று போட்டிருந்தது எங்கள் தையல்காரி இல்கா வரைந்தது. தோள்பட்டி கிடையாது. மார்பிலிருந்து இடுப்புவரை வெள்ளை லேஸ், உள்ளே மெல்லிய எஃகுக் கம்பிகள். எங்கள் அம்மாக்கள் கயிறு போட்டு இறுக்கிய கார்செட், உலகப் போர் முடிந்து நைலான் மலிந்த பிறகு, இல்கா கையில் இப்படி இளைத்திருந்தது. சிகாகோ கடைக்கு வாங்க வந்திருக்கும் மிஸஸ் ஓகில்வி ஆர்டர் கொடுத்தால் இல்கா டிசைனர். இல்லையென்றால் பழையபடி தையல் மெஷின்தான்.

கம்பி நுனிக்கு வெல்வெட் உறை வேண்டும் என்று அவள் கெஞ்சினாள். அவள் தைத்து வைத்ததையும் வீண் செலவு என்று பிராண்ட்வைன் பிய்த்துப் போட்டார். அந்த நுனி இப்போது என் அக்குளுக்குக் கீழே மூச்சுக்கு மூச்சு குத்தியது.

“எல்லாம் என் ஐடியா மேடம். லொரெட்டா, திரும்பு,” என்றார் பிராண்ட்வைன். பொய் சொல்ல வாய் கூசாத மனிதர். இல்கா மூலையில் நின்றிருந்தாள்.

“நின்னா எல்லாமே அழகுதான். எங்க, உக்காரும்மா,” என்றாள் ஓகில்வி.

உட்கார்ந்தேன். உயிர் போனது. சிரித்தேன். வெள்ளை லேஸில் பொட்டளவு சிவப்பு தெரிந்தது, பரவியது.

“ஐயோ, ரத்தம்!” என்றாள் ஓகில்வி.

“இது இல்கா வேலை மேடம்! சொன்னா கேட்டாத்தானே இவ!” என்றார் பிராண்ட்வைன்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “பொய்! நுனிக்கு வெல்வெட் வைக்கணும்னு அவ தலைதலையா அடிச்சுக்கிட்டா. நீங்கதானே பிச்சுப் போட்டீங்க?”

ஓகில்வி இல்கா பக்கம் திரும்பினாள். “வெல்வெட் வச்சா குத்தாதா?”

“குத்தாது மேடம்.”

“அப்போ வச்சு அனுப்பு. ஆர்டர் உண்டு. இனிமே நான் உன்கிட்டதான் பேசுவேன்.”

ஓகில்வி போனதும் பிராண்ட்வைன் கதவைச் சாத்தினார்.

“டிசைனரம்மா, உனக்கு முதல் வேலை. வாய் நீண்ட பொண்ணு எனக்கு வேண்டாம். நீயே அனுப்பிடு. மனசில்லேன்னா நீயும் கூடப் போ.”

நான் இல்காவின் முகத்தையே பார்த்தேன். ஆர்டரே இனி அவள் கையில். ஒரு வார்த்தை சொன்னால் போதும், சொல்வாள் என்று நம்பினேன்.

அவள் என் பின்னால் வந்து நின்று ஹூக்குகளை ஒவ்வொன்றாகக் கழற்றினாள்.

“அசையாம நில்லு லொரெட்டா,” என்றாள். “லேஸ் கிழிஞ்சிடப் போகுது.”