பூனைச் சபையின் நடுவர்

உலகத்தில் இதுவரை நடந்த எந்தச் சண்டையும் நடந்திருக்க வேண்டியதே இல்லை. அந்தந்த இடத்தில் நிதானமான நடுவர் ஒருவர் இல்லாமல் போனதுதான் குறை. இது நடுவரின் கருத்து. நிதானமானவர் என்று அவர் சொன்னது தன்னைத்தான்.

பல நாட்டுப் பூனை வளர்ப்போர் கூடும் இணையக் குழுமம் ஒன்றில், எல்லை மீறும் பதிவுகளை நீக்குவதும் முட்டிக்கொள்பவர்களை விலக்கிவிடுவதும் அவர் வேலை. சம்பளம் கிடையாது. பெயருக்குப் பக்கத்தில் பச்சைத் தராசுப் படம் உண்டு. தலைமை நடுவரானால் அது தங்க நிறமாகும். அதற்கு அன்று மாலை வாக்கெடுப்பு. ஒரு வாரமாக அவருக்குச் சோறு இறங்கவில்லை.

அந்த நேரம் பார்த்துத்தான், பூனையை வீட்டுக்கு வெளியே விடலாமா கூடாதா என்ற விவாதம் பற்றிக்கொண்டது. அடைத்து வைப்பவன் ஜெயிலர் என்றது ஒரு கட்சி. அவிழ்த்து விடுபவன் குருவிக் கொலைகாரன் என்றது மறு கட்சி.

சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியை விரித்து வைத்திருந்த நடுவர் சிரித்தார். “அத்தான், இந்தக் கூத்தைப் பாருங்க. இங்க ஒருத்தன் தன்னைத்தானே பாராட்டிக்க இன்னொரு பேர்ல வந்திருக்கான். சொந்த வாயால சொல்லத் துப்பில்லாம பொய் மீசை ஒட்டிக்கிட்டு வர்ற ஜென்மம்!”

இரண்டு கணக்கையும் முடக்கினார்.

காலுறைகளுக்கு ஜோடி தேடிக்கொண்டிருந்த அத்தான் கேட்டார்: “ஒரே ஆளுக்கு ரெண்டு தடவை தூக்கா, மச்சான்?”

சூட்டைத் தணிக்க நடுவர் ஒரு யோசனை செய்தார். வீட்டுப் பூனை சோபாவில் மல்லாந்து கிடக்கும் படத்தைப் போட்டு, ‘நண்பர்களே, சண்டையை விட்டு என் செல்லத்தைச் சற்று ரசியுங்கள்’ என்று எழுதினார்.

ரசித்தார்கள். ‘இது பூனையா, உறை போடாத தலையணையா?’ என்று கேட்டார் ஒரு கப்பல் சமையல்காரர். ‘வெளியே விட்டிருந்தால் இந்தக் கதி வந்திருக்காது’ என்றது ஒரு கட்சி. ‘இதை வெளியே விட்டாலும் குருவிகளுக்கு ஆபத்தில்லை’ என்று ஒப்புக்கொண்டது மறு கட்சி. குற்றம் பூனையுடையது அல்ல, வளர்க்கும் சோம்பேறியுடையது என்று இரு தரப்பும் கைகோத்து முடிவெடுத்தன. குழுமம் தொடங்கிய நாளிலிருந்து காணாத ஒற்றுமை அது.

நடுவரின் காது சிவந்தது.

துணி தேய்த்துக்கொண்டிருந்த அக்கா எட்டிப் பார்த்தாள். “அழிச்சு விட்டுடேன்டா.”

“முடியாதுக்கா. நடுவரைப் பத்தின பதிவை அந்த நடுவரே தொடக்கூடாது.”

“அப்ப நல்லா நறுக்குன்னு பதில் குடு.”

“நடுவர் விவாதத்துல பக்கம் சாயக்கூடாது. ரெண்டுல எதை மீறினாலும் சாயங்காலம் ஒரு ஓட்டு விழாது.”

“எந்தப் புண்ணியவான்டா இப்படி விதி எழுதினான்?”

நடுவர் விசைப்பலகையில் இல்லாத தூசியை ஊதினார். எழுதிய புண்ணியவான் அவர்தான்.

அத்தான் படத்தைப் பார்த்தார். “அவங்க சொல்றதுலயும் நியாயம் இருக்கே மச்சான். நேத்து அது எழுந்து போனதும் சோபாதான் பெருமூச்சு விட்டுது.”

“எனக்குக் கோபமே வராது அத்தான். ஆனா நீங்க அந்தக் காலுறைய எடுத்துக்கிட்டு வேற ரூமுக்குப் போயிடுங்க.”

அத்தான் சிரித்துக்கொண்டே போனார். அக்காவும் தேய்த்த துணிகளை அள்ளிக்கொண்டு உள்ளே போனாள். நடுவர் வாசற்கதவை ஒரு முறை, ஜன்னலை ஒரு முறை பார்த்துக்கொண்டார். பிறகு ‘வழிப்போக்கன்’ என்ற பெயரில் புதுக் கணக்கு ஒன்று பிறந்தது.

‘இது யாருடைய பூனை என்று எனக்குத் தெரியாது’ என்று வழிப்போக்கன் ஆரம்பித்தான். ‘ஆனால் இவ்வளவு கம்பீரமான பூனையை நான் எந்த நாட்டிலும் கண்டதில்லை. இத்தனை ஏச்சையும் புன்னகையோடு தாங்கும் இந்த நடுவரைப் போல ஒருவரையும் கண்டதில்லை.’

புது உறுப்பினரின் முதல் பதிவு, பணியில் இருக்கும் நடுவர் பார்த்து அனுமதித்த பிறகே வெளிவரும். அப்போது பணியில் இருந்தவர் அவர்தான்.

நடுவர் நிமிர்ந்து உட்கார்ந்து, எந்தப் பக்கமும் சாயாமல், பதிவை முழுதாகப் படித்தார். புகழ்ச்சி சற்றுக் கூடுதல் என்று பட்டது. ஆனால் விதிமீறல் எதுவும் இல்லை.

அனுமதித்தார்.